மணி கட்டிய தெரு

வாய்க்கால்பாலம் ஏழாவது தெருவில் நாலு வயது மித்ராவின் கண்ணுக்கு ஞானராஜ் அண்ணாச்சி தெரியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதாலும், வந்த தண்ணீரைப் பிடிக்காமல் குடங்களை அப்படியே போட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தோம் என்பதாலும், எங்களுக்குக் கிழமை தப்பாமல் ஞாபகம் இருக்கிறது.

தெரு முனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு வலது கால் முழங்காலோடு சரி. முந்தின நாள் சாயங்காலம் மித்ராவும் அவள் அம்மா உலகம்மாளும் அவர் கடைக்கு எதிரே மினிபஸ்ஸுக்கு நின்றபோது, மித்ரா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஸ் நிறுத்தம் முழுக்கக் கேட்கும்படி, "எம்மா, அந்த மாமாவுக்கு இன்னொரு காலு எங்க?" என்று கேட்டாள். உலகம்மாளுக்கு மானம் போய்விட்டது. பிள்ளையின் வாயைப் பொத்தி, "உஷ்! அப்படிப் பாக்கப்படாது!" என்று காதோடு சொல்லி, தலையைப் பிடித்து வாய்க்கால் பக்கமாகத் திருப்பிவிட்டாள். மித்ராவோ சொன்ன சொல் தட்டாத பிள்ளை. அடுப்பைத் தொடாதே என்றால் பொங்கலன்றுகூட அடுப்புப் பக்கம் போகமாட்டாள், மண்ணில் விளையாடாதே என்றால் செருப்பில் ஒட்டின மண்ணுக்கும் பயப்படுவாள். பார்க்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், ஆகவே அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு பால்வாடிக்குப் போனவள், சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மேல் நேராகப் போய் மோதினாள். நெற்றியைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். சட்டை, வேட்டி, கக்கத்தில் இடுக்கியிருந்த கட்டை, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

"எம்மா, இங்கன காத்து கெட்டியா இருக்கு," என்றாள். பிறகு, "பம்பு தானா அடிக்கி," என்றாள்.

"ஏ பிள்ள, நாந்தான்," என்றார் அண்ணாச்சி.

மித்ரா சத்தம் வந்த திக்கைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். உலகம்மாள் ஓடிவந்து, "உஷ், வாட்டி," என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சிக்கு முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த பெயர் ஒத்தக்கால் ஞானராஜ். பால்வாடி ஆயா மரியபுஷ்பத்துக்குச் சின்ன வயதில் வடிகஞ்சி கொட்டி ஒரு பக்க முகம் சுருங்கிவிட்டது, அவளுக்கு நாங்கள் வைத்த பெயரைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. மூன்றரை அடி உயரமுள்ள கேபிள் மீரானை ரேஷன் கடை வரிசையில் எப்படிக் கூப்பிட்டோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். இத்தனையும் பெரியவர்களுக்குள் சர்க்கரைப் பொங்கலாக இனிக்கும். ஒரு பிள்ளை வாய்விட்டு, முகத்துக்கு நேரே, ஏன் என்று கேட்டுவிட்டால் மட்டும் எங்களுக்கு மரியாதை பொத்துக்கொண்டு வந்துவிடும்.

அதனால் மித்ராவுக்கு நடந்தது எங்களுக்குப் பெரிய பெருமையாகப் பட்டது. வளர்த்தால் இப்படியல்லவா பிள்ளை வளர்க்க வேண்டும் என்று தாய்மார்கள் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைக் கையோடு பிடித்துக்கொண்டு போய், தூரத்தில் நிறுத்தி, பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். வைகாசி பிறப்பதற்குள் தெருவில் ஆறு வயதுக்குக் கீழே இருந்த பதினேழு பிள்ளைகளின் கண்ணிலிருந்தும் அண்ணாச்சி மறைந்தார், மீரான் மறைந்தார், மரியபுஷ்பம் மறைந்தாள். பால்வாடியில் கரண்டி தானாக அண்டாவுக்குள் இறங்கி, தானாக ஏறி, தட்டுகளில் சாம்பார் சாதத்தை விட்டுக்கொண்டே போனது. பிள்ளைகள் பயப்படவில்லை, தட்டை ஒழுங்காக நீட்டின. ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இதை எழுத படிவத்தில் இடம் இல்லை என்று சொல்லி, பிள்ளைகளின் எடையை மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

ஒரே ஒரு தொந்தரவு, பிள்ளைகள் மோதிக்கொண்டே இருந்தன. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று மற்ற ஊர்களில் யோசிப்பார்கள். எங்கள் தெருவில் அந்த யோசனையே இல்லை. சந்தையில் ஆட்டுக் கழுத்துக்குக் கட்டும் மணிகள் ஒரு கொத்து வாங்கிவந்து, மஞ்சள் கயிற்றில் கோத்து, அண்ணாச்சியின் கட்டையில் ஒன்று, மரியபுஷ்பத்தின் இடுப்பில் ஒன்று, மீரானின் சட்டைப் பையில் ஒன்று என்று நாங்களே கட்டிவிட்டோம். மணிச் சத்தம் கேட்டால் விலகிப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தார் பால்வாடி டீச்சர். ஆறாவது தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எவ்வளவு நாகரிகமான தெரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மீரானுக்கு முதலில் சந்தோஷம்தான். "நல்லதாப் போச்சு, இனி எந்தப் பொடியனும் பின்னாலயே வரமாட்டான்," என்று விசில் அடித்துக்கொண்டு கம்பி இழுத்தார். பிறகு ஒருநாள் காலடிக்கு உருண்டுவந்த பந்தை அவர் எறிந்து கொடுத்தபோது, "பந்து தானா வந்துட்டு!" என்று பிள்ளைகள் கைதட்டின, அதற்கப்புறம் அவர் விசில் அடித்து நாங்கள் கேட்கவில்லை. அண்ணாச்சி ஆரஞ்சு மிட்டாயை நீட்டிக்கொண்டு நிற்பார்; பிள்ளைகள் காற்றிலிருந்து மிட்டாயைப் பறித்துக்கொண்டு ஓடும்.

"டீச்சர், சோறு போடுத கரண்டிக்குத் தேங்க்ஸ் சொல்லுதுவ," என்றாள் மரியபுஷ்பம். "எனக்குச் சொல்லல."

டீச்சர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனாலும் மணியை அவிழ்க்கச் சொல்லவும் இல்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது உலகம்மாளின் மணிக்கட்டில் ஒரு அரிசி அளவுக்கு வெள்ளை விழுந்தது. தோசை மாவு தெறித்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தாள், போகவில்லை. அவள் தொழிலே மாவுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பது வீட்டுத் தூக்குச்சட்டிகள் அவள் வாசலில் வரிசையில் இருக்கும். மாவைக் கையாலேயே அடித்துக் கலக்கினால்தான் பொங்கும் என்பாள், அந்தக் கைக்காகத்தான் அடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள். அரிசி அளவு வெள்ளை புளியங்கொட்டை அளவாயிற்று, முழங்கைக்கு ஏறியது, கழுத்தோரம் ஒன்று, விரல் நுனிகளில் ஒன்றொன்று. புருஷன் சுடலைமணி, மினிபஸ் ஓட்டுகிறவன், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

"டாக்டர்தான் சொல்லிட்டாரே, வெறும் தோல் நிறம், யாருக்கும் ஒட்டாதுன்னு," என்றான் திரும்பும் வழியில்.

"டாக்டரா என்கிட்ட மாவு வாங்குதாரு?" என்றாள் அவள்.

சித்திரை வெயிலிலிருந்தே முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தாள். மாவு கலக்கும்போது கதவைச் சாத்தினாள், அளந்து ஊற்றும்போது கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு சூடு பட்டுவிட்டது என்றாள். சொந்தப் பிள்ளைக்கும் காட்டவில்லை.

ஆனி மாதம் ஒரு காலையில் மித்ராவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது நனைந்த ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. மித்ரா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஈர விரலால் தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"எம்மா, உன் கையில வெள்ளையா இருக்கே, அது என்ன?"

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். உலகம்மாளுக்கு அந்தச் சத்தம்தான் காதில் விழுந்தது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், "பாக்காதட்டி!" என்று கத்திவிட்டாள்.

சொன்ன சொல் தட்டாத பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. திறந்தபோது எதிரே அம்மா இல்லை.

"எம்மா, செம்பு தானா ஊத்துது," என்றாள் மித்ரா.

செம்பு கீழே விழுந்தது. "நான் இங்கதான் இருக்கேன்ட்டி! இந்தா, இந்தா பாரு!"

"சத்தம் இருக்கு. உன்னையத்தான் காணும்."

உலகம்மாள் பாரு என்றாள், பார்க்கலாம் என்றாள், அம்மா சும்மா சொன்னேன் என்றாள், பிள்ளையின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்து அழுத்தினாள். மித்ரா மூக்கைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், ஈரமாக இருக்கிறது என்றாள். உலகம்மாள் பிள்ளையைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே மித்ரா சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி வரிப் படங்களைச் சொன்னாள், டாக்டர் தலைக்கு மேலே போன பல்லிக்கு வால் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வாங்கிய அந்தச் சீட்டும் மித்ராவுக்கு அந்தரத்தில்தான் தெரிந்தது.

எங்கள் தெரு உதவிக்கு வந்தது, எப்போதும் வருவது போல. சண்முகத்தாய் ஒரு தாம்பாளத்தில் மிச்சமிருந்த ஆட்டு மணியை வைத்து, மஞ்சள் கயிறோடு கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை கண்ணுக்கு மறைந்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒன்று இருக்கும், அப்படியென்றால் உலகம்மாளுக்கு என்ன? அவள் வாய் திறந்து கேட்கவில்லை. முழுக்கை ரவிக்கையையும் கைத்துணியையும் பார்த்தாள், பார்த்த கண்ணை உடனே திருப்பிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் வாசலுக்குப் பதின்மூன்று தூக்குச்சட்டிகள் வரவில்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. மாவு பாத்திரத்தில் பொங்கி வழிந்து காய்ந்தது.

உலகம்மாள் காலில் மணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். சோறு ஊட்டினாள், சடை பின்னினாள், மித்ராவுக்கு உருண்டை அந்தரத்தில் வந்தது, சீப்பு அந்தரத்தில் இறங்கியது. கொஞ்ச நாளில் பிள்ளை பழகிவிட்டாள், அதுதான் தாயால் தாங்க முடியாமல் இருந்தது. பால்வாடியில் 'எங்கள் வீடு' என்று படம் வரையச் சொன்னார்கள். மித்ரா மீசை வைத்த ஒரு அப்பாவை வரைந்தாள், இரட்டைச் சடையோடு தன்னை வரைந்தாள், இரண்டுக்கும் நடுவில் ஒரு மணியை வரைந்தாள். படத்தைச் சுருட்டாமல் மடக்காமல் மரியபுஷ்பமே கொண்டுவந்து உலகம்மாளிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். இரண்டு பேர் மணியும் சத்தமில்லாமல் இருந்தது.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் காற்று பலமாக அடித்தது. அண்ணாச்சியின் கட்டையில் இருந்த கயிறு அறுந்து மணி சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. அது தெரியாமல் மித்ரா பால்வாடியிலிருந்து ஓடிவந்தாள், பின்னாலேயே உலகம்மாள் ஓடிவந்தாள். கடை வாசலில் பிள்ளை மோதின வேகத்தில் அண்ணாச்சி கட்டை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாகச் சரிந்தார். மித்ரா அவர் மேலேயே விழுந்தாள். எழுந்திருக்கக் கையை ஊன்றிய இடத்தில் ஏதோ தட்டுப்பட்டது. உருண்டையாக, சூடாக, நுனியில் ஒரு மடிப்போடு.

"யாரு?" என்றாள்.

"நாந்தான், பஞ்சர் கடை மாமா."

"இது என்ன?"

உலகம்மாள் உஷ் என்று விரலை உதட்டில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, அந்த விரல் பிள்ளைக்குத் தெரியாது. வாயால் அதட்ட வேண்டும். ஓடிவந்த மூச்சில் குரல் எழும்பவில்லை, கடவுள் புண்ணியம்.

"காலு," என்றார் அண்ணாச்சி. "பாதிக் காலு."

"மிச்சம் எங்க?"

"லாரி ஏறிட்டு. ஆஸ்பத்திரில எடுத்துட்டாவ."

"வலிச்சுதா?"

"அப்ப ரொம்ப வலிச்சுது. இப்ப வலிக்காது. மழை வந்தா மட்டும் அந்த இல்லாத காலு அரிக்கும்."

"இல்லாத காலு எப்படி அரிக்கும்?"

"அதான் எனக்கும் தெரியல, தாயி. சொறியவும் முடியாது."

மித்ரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தவளுக்கு முதலில் அந்தப் பாதிக் கால்தான் தெரிந்தது, தையல் போட்ட மடிப்போடு, காற்றில் தனியாக. அப்புறம் அதைச் சுற்றி வேட்டி வந்தது, கிரீஸ் படிந்த சட்டை வந்தது, கழுத்து வந்தது, கடைசியாக முகம் வந்தது.

"மாமா, உனக்கு மீசை இருக்கு!" என்று கூவினாள் மித்ரா.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்தபடியே மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், அது தன்னுடையதுதானா என்பது போல. "முப்பது வருசமா இருக்கு, தாயி," என்றார். "நீ இப்பத்தான் பாக்க."

உலகம்மாள் அவரைத் தூக்கிவிட்டாள், கட்டையை எடுத்துக் கொடுத்தாள். தூக்கிவிட்டபோது கைத்துணி அவிழ்ந்து விழுந்தது. அண்ணாச்சி அவள் விரல்களைப் பார்த்தார், கண்ணைத் திருப்பவில்லை. "அன்னைக்குப் பஸ் ஸ்டாப்புலயே சொல்லியிருப்பேன், உலகு," என்றார். "பதில் வாயிலயே இருந்துச்சு. நீதான் பிள்ளையைத் திருப்பிட்ட."

அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை மட்டும் அன்று குளிக்கும்போது கேட்டதை மறுபடி கேட்க வைத்திருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தாள், மித்ராவை உள்ளே கூட்டிப் போய்த் தாழ்ப்பாளில் கையும் வைத்தாள். பூட்டின கதவுக்குப் பின்னால் காட்டினால் நாளைக்கு வாசலில் மறுபடி மறைத்துத்தானே நிற்க வேண்டும், பிள்ளை மறுபடி கேட்டால் மறுபடி உஷ் என்றுதானே சொல்ல வேண்டும்? இருக்கிற இருபத்தேழு சட்டிகளும் போகும் என்று அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

ஐந்து மணிக்கு நாங்கள் வரிசையில் நின்றோம். வாங்குவதை நிறுத்தினவர்களும் அவரவர் வாசலில் நின்றார்கள், ஆடிக் காற்றுக்கு நிற்பது போல. உலகம்மாள் மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அரைக்கை ரவிக்கை போட்டிருந்தாள், கையில் துணி இல்லை, காலில் மணி இல்லை. நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம். ஒருவர் மின்கம்பத்தைப் பார்த்தார், ஒருத்தி தன் சட்டியின் மூடியைப் பார்த்தாள், நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

"மித்ரா, அன்னைக்குக் குளிக்கும்போது ஒண்ணு கேட்டியே, அதை இப்பக் கேளு."

மித்ரா குரல் வந்த இடத்தைப் பார்த்தாள். "கேக்கலாமா?"

"கேளு. எல்லாருக்கும் கேக்க மாதிரிக் கேளு."

"எம்மா, உன் கையில வெள்ளையா இருந்துச்சே, அது என்ன?"

"தோலு, கண்ணு. அந்த இடத்துல நிறம் போயிட்டு."

"ஏன் போச்சு?"

"யாருக்கும் சரியாத் தெரியல. டாக்டருக்கும்தான்."

"தேச்சா போகாதா?"

"போகாது. நானும் தேச்சுப் பாத்துட்டேன்."

"நான் தொட்டா எனக்கும் வருமா?"

இதுதான் எங்கள் நாற்பது வீட்டுக் கேள்வி.

"வராது," என்றாள் உலகம்மாள். "யாருக்கும் வராது. தொட்டுப் பாரு."

மித்ரா கையை நீட்டினாள். அவளுக்கு முதலில் அந்த வெள்ளைகள்தான் தெரிந்தன. மணிக்கட்டில் இருந்தது, முழங்கையில் இருந்தது, விரல் நுனிகளில் இருந்தவை, கழுத்தோரத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாக அந்தரத்தில் பூத்தன. அவள் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள். ஏழு வரை அவளுக்கு எண்ணத் தெரியும், அதற்கு மேல் இருந்தவற்றுக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அவள் தொட்ட இடத்தைச் சுற்றி மாநிறக் கை வந்தது, வளையல் வந்தது, தோள் வந்தது, தாலிக்கயிறு வந்தது, இருபத்துநாலு நாளாகக் காணாமல் போயிருந்த முகம் வந்தது.

"எம்மா, நீ இளைச்சிட்ட," என்றாள் மித்ரா.

உலகம்மாள் பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டு அழுதாள், வாய்விட்டு, மாவுக் கை அவள் முதுகெல்லாம் படும்படி. நாங்கள் அப்போதும் மின்கம்பத்தையும் மூடியையும் வாய்க்காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் தோளுக்கு மேலாக மித்ரா எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தாள்.

"எம்மா, இவங்க ஏன் எல்லாரும் அந்தப் பக்கம் பாக்காங்க?"

தெரு முழுக்கக் கேட்கும்படிதான் கேட்டாள். உலகம்மாள் அவள் வாயைப் பொத்தவில்லை. "எனக்குத் தெரியல, கண்ணு," என்றாள். "அவங்களையே கேளு."

மித்ரா எங்களைக் கேட்டாள். தன் வாசலில் நின்ற சண்முகத்தாய் உள்ளே போய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். உலகம்மாளின் முன்னால் நின்று அந்தக் கையைப் பார்த்தாள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, அவசரப்படாமல்.

"வலிக்குமா, உலகு?"

"வலிக்காது, மயினி."

"சரி," என்று சண்முகத்தாய் சட்டியை நீட்டினாள். "ரெண்டு கரண்டி கூடப் போடு. வீட்டுக்கு ஆள் வந்திருக்கு."

நான் வாய்க்காலிலிருந்து உலகம்மாள் பக்கம் திரும்பினேன்.